ரெண்டு சீட்டு, ஒரே கல்லீரல்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்குப் பேசப்போறது எங்க வீட்ல நடந்த விஷயம். எங்க ஊர் கொமரலிங்கம், அமராவதி ஆத்தங்கரை. பெரியப்பா பையன், நான் அண்ணான்னு கூப்பிடுறவர், திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில செக்கிங்ல இருக்கார். சின்ன வயசுலேர்ந்து வலிப்புக்கு ஃபெனிடாயின் மாத்திரை. மூணு வருஷமா ஃபிட்ஸ் வரவே இல்லை.

போன வருஷம் அவருக்கு மனச்சோர்வு வந்துச்சு. தூக்கமில்ல, சாப்பாடு இறங்கல. வேற ஒரு டாக்டர்கிட்ட போனார். ஃபுளூவாக்ஸிடின் எழுதிக் கொடுத்தாங்க. ஃபெனிடாயின் சாப்பிடுறதை அண்ணா சொல்லவே இல்லை. "ஃபிட்ஸ்னு வெளிய தெரிஞ்சா வேலை போயிடும்"ங்கிற பயம் அவருக்குள்ள எப்பவும் உண்டு.

சில வாரத்துல ஒரு ஞாயித்துக்கிழமை ஊருக்கு வந்தார். பஸ்ஸ விட்டு இறங்கி நடக்கும்போதே தள்ளாட்டம், பேச்சுல குழறல். பாத்தவங்க எல்லாம் குடின்னு முடிவு பண்ணிட்டாங்க. பெரியம்மாவும் நம்பிட்டாங்க. ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்துப் பாத்தா, ஃபெனிடாயின் அளவு இருக்க வேண்டியதை விட ரொம்ப அதிகம். ஆனா அவர் ஒரு மாத்திரைகூட கூடுதலா போடல.

அப்புறம் எப்படி ஏறுச்சு? அண்ணாவோட தொழிலை வெச்சே சொல்றேன். கல்லீரல்ல இருக்கிற என்சைம்கள் செக்கிங் டேபிள்ல நிக்கிற ஆளுங்க மாதிரி. உள்ள வர்ற மருந்தைப் பிரிச்சு வெளிய அனுப்புறது அவங்க வேலை. ஃபுளூவாக்ஸிடின் அதுல சில பேரோட கையைக் கட்டிப்போடும். ஃபெனிடாயின் பீஸ் வந்துக்கிட்டே இருக்கும், போகாது, குவியும். அதுவும் ஃபெனிடாயின் விஷயத்துல அந்த டேபிள் ஏற்கெனவே நிரம்பினாப்லதான் ஓடும். அதனால சின்னத் தடங்கலுக்கே அளவு சட்டுன்னு ஏறிடும். கார்பமாசெபினும் இதே மாதிரி கூடலாம்.

இதுக்கு நேர்மாறாவும் நடக்கும். ஃபெனிடாயின், கார்பமாசெபின், ஃபீனோபார்பிட்டோன் மூணும் டேபிளுக்குக் கூடுதல் ஆள் கூட்டிட்டு வரும். அப்போ அமிட்ரிப்டிலின், செர்ட்ரலின் மாதிரி மனச்சோர்வு மருந்துகள் வேகமா வெளியேறிடும். "மாத்திரை போட்டும் கேக்கலையே"ன்னு நாம நினைப்போம். வால்ப்ரோயேட்டோ அமிட்ரிப்டிலின் அளவை ஏத்திவிடும்.

கல்லீரலுக்குச் சம்பந்தமில்லாத சிக்கல்களும் உண்டு. புப்ரோபியான், சிகரெட்டை விடவும் கொடுக்கிற மருந்து, வலிப்பையே தூண்டலாம். அதனால வலிப்பு உள்ளவங்களுக்கு அது கூடாது. கார்பமாசெபினோட சில மனச்சோர்வு மருந்துகள் சேர்ந்தா ரத்தத்துல சோடியம் குறையலாம். லெவெட்டிராசெட்டாம் மத்த மருந்துகளோட பெருசா மோதாது. ஆனா சிலருக்கு அதுவே எரிச்சலையும் சோர்வையும் கொண்டுவரும்.

அப்படீன்னா வலிப்பு இருந்தா மனச்சோர்வுக்கு மருந்தே கூடாதா? அப்படி இல்லவே இல்லை. வலிப்பு உள்ளவங்களுக்கு மனச்சோர்வு வர்ற வாய்ப்பு மத்தவங்களைவிட அதிகம். அதைக் கவனிக்காம விடுறதுதான் ஆபத்து. செர்ட்ரலின், எசிடாலோபிராம் மாதிரி மருந்துகளை டாக்டர்கள் பாத்துப் பாத்துக் கொடுக்கிறாங்க. தேவைப்பட்டா ரத்த அளவைப் பாத்து டோஸை மாத்துவாங்க.

நாம செய்ய வேண்டியது ரெண்டுதான். எந்த டாக்டர்கிட்ட போனாலும் எல்லா மாத்திரை அட்டையையும் எடுத்துட்டுப் போங்க. தள்ளாட்டம், ரெட்டைப் பார்வை, அளவுக்கு மீறின மயக்கம் இருந்தா உடனே டாக்டரைப் பாருங்க, நீங்களா எதையும் நிறுத்தாதீங்க. வலிப்பு மாத்திரையைத் திடீர்னு விட்டா விடாத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மனசு ரொம்பப் பாரமா இருந்தா 14416, டெலி மனஸ், இலவசம், தமிழ்லயே பேசலாம்.

அண்ணாவுக்கு இப்போ மருந்தை மாத்திட்டாங்க, நல்லா இருக்கார். பெரியம்மா ரெண்டு டாக்டர் சீட்டையும் ஒரே கவர்ல போட்டு வெச்சிருக்காங்க. அவர் கிளம்பும்போதெல்லாம் கையில குடுத்து, "ரெண்டையும் காட்டு கண்ணு"ம்பாங்க. அன்னைக்கு அவரைக் குடிகாரன்னு நினைச்சதுக்கு அவங்க கேக்குற மன்னிப்பு அதுதான்னு எனக்குத் தோணும்.