குழித்தறி வலி என்று எண்ணிவிடலாகாது

கைத்தறி நெசவாளர்க்கு முதுகுவலி புதிதன்று. குழித்தறியில் நாளெல்லாம் அமர்ந்திருப்போரும், குனிந்து நாற்று நடுவோரும், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் சுமை தூக்குவோரும் அதனைத் தொழிலோடு பிறந்ததாகவே ஏற்றுக்கொண்டுள்ளனர். அதனால் விளையவிருந்த தீங்கொன்றை, 2024ஆம் ஆண்டு பள்ளிப்பட்டுப் பக்கம் தணிக்கைக்குச் சென்றபோது நாம் நேரிற் கண்டோம்.

சங்கத்தின் மூத்த அங்கத்தினர் ஒருவரின் மனைவியார், மூன்றாண்டுகளுக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுத் தேறியவர். மீண்டும் இராட்டையில் தார் சுற்றி வந்தார். முதுகில் வலி கண்டது, தைலம் தேய்த்தனர். படுத்தால் வலி மிகுந்து உறக்கம் போயிற்று, அதற்கும் தைலமே. நாம் சென்ற அன்று அம்மையார் சுவரைப் பற்றியே நடந்தார். "காலு மரத்தாப்பல இருக்குதுங்க ஐயா, வயசாயிடுச்சு" என்றார். வயது 52.

மார்பகம், நுரையீரல், ஆண்களின் புராஸ்டேட் சுரப்பி ஆகியவற்றில் தோன்றும் புற்றுநோய் எலும்புக்குப் பரவுவதுண்டு. முதுகெலும்பே அதில் பெரிதும் அகப்படுகிறது. கட்டி தண்டுவடத்தை நெருக்கினால் கால்கள் தளரும். சிறுநீரும் மலமும் கட்டுக்கடங்கா. அந்நிலையில் மணிக்கணக்கே முக்கியம். நடக்க முடியும்போதே சிகிச்சைக்கு வருவோர் பெரும்பாலும் நடக்கும் வலிமையைக் காத்துக்கொள்கின்றனர். கால்கள் முற்றும் விழுந்தபின் வருவோரில் மீண்டும் நடப்போர் சிலரே.

இந்நோய்க்கு இக்காலத்தில் இலக்குக் கதிர் சிகிச்சை என்றொரு முறை உண்டு. பழைய முறையில் கட்டிக்குப் பாயும் கதிர் தண்டுவடத்தின்மீதும் ஏறக்குறைய அதே அளவு விழும். ஆகவே அளவைக் கூட்ட இயலாது. புதிய முறையிலோ பல திசைகளினின்றும் மெல்லிய கதிர்கள் வந்து கட்டியில் மட்டும் ஒன்றுகூடுகின்றன. வேண்டிய இழைகளை மட்டும் ஜக்கார்டு தூக்கி மற்றவற்றை விட்டுவிடுவதை ஒத்தது இது. இதற்குதவும் சைபர்நைஃப் இயந்திரம் சென்னை அப்போலோ மருத்துவமனைக்கு 2009இல் வந்தது.

இதற்காகத் தறியை விற்கவேண்டுமோ என்று அன்பர்கள் கேட்கலாம். கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 229 நோயாளரிடம் நடந்த ஆராய்ச்சி 2021இல் வெளிவந்தது. இலக்குக் கதிர் 24 கிரே அளவு இரு தவணையாகப் பெற்றோரில் மூன்று மாதத்தில் வலி அறவே நீங்கியவர் நூற்றுக்கு 35 பேர். பழைய முறையில் 20 கிரே ஐந்து தவணையாகப் பெற்றோரில் 14 பேர். ஆயினும் 2023இல் வெளிவந்த அமெரிக்க ஆராய்ச்சியில், ஒரே தவணையில் இலக்குக் கதிர் 16 அல்லது 18 கிரே பெற்றவர்கள், சாதாரணக் கதிர் 8 கிரே பெற்றவர்களைவிட வலி குறைவதில் மேம்படவில்லை. எனவே எவருக்கு எது என்பதை மருத்துவரே தீர்மானித்தல் வேண்டும். தண்டுவடம் ஏற்கெனவே நசுங்கியிருப்பின் அறுவை சிகிச்சையோ சாதாரணக் கதிரோதான் முதலிற் பயன்படும்.

அதற்கு நெடுந்தூரம் போகவேண்டுவதில்லை. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசின் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை உள்ளது. அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் முயற்சியால் 1954இல் தொடங்கிய நிலையம் உள்ளது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் கதிர் சிகிச்சையும் அடங்கும்.

அன்று பிற்பகலே சங்கத் தலைவர் வண்டி அமர்த்தினார். தணிக்கை மறுநாளைக்குத் தள்ளிப்போயிற்று. அரசு மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. படம் எடுத்து, வீக்கம் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்து கொடுத்து, சாதாரணக் கதிரே பாய்ச்சினர். நோய் தீர்ந்துவிடவில்லை, மாத்திரைகள் தொடர்கின்றன. அடுத்த தணிக்கைக்குச் சென்றபோது அம்மையார் கோலூன்றி வாயில்வரை வந்து நமக்கு மோர் கொடுத்தார்.