யந்திரம் தன் இடம் அறிதல்

இருளில் வண்ணார்பேட்டைப் படித்துறை இறங்குவோன் காலால் தடவியே தண்ணீரின் இடமறிகின்றான். கணிப்பொறி நடத்தும் செதுக்கு யந்திரமும் அங்ஙனமே. மின்சாரம் போய் மீளுங்கால் தான் நின்ற இடத்தை அறியாது. ஆதலின் முதற்கண் எல்லைச் சுவிட்சைத் தேடிச் செல்லும். ஜெர்பில் என்னும் மென்பொருளின் தொடக்க அமைப்பின்படி, நிமிஷத்துக்கு 500 மில்லிமீட்டர் வேகத்திற் சென்று தொட்டு, 1 மில்லிமீட்டர் பின்வாங்கி, 25 மில்லிமீட்டர் வேகத்தில் மீண்டும் மெல்ல அணுகும். வேகத்தால் நேர்ந்த பிழை இரண்டாந் தொடுகையில் நீங்கும்.

இதனினும் முக்கியமானது கம்பி. தொடும்போது மின்னோட்டம் சேருமாறு சுவிட்சைப் பொருத்தினால், கம்பி அறுந்திருப்பது ஒருவர்க்கும் தெரியாது. யந்திரம் முட்டி உடையும். தொடும்போது ஓட்டம் அறுமாறு பொருத்தினாலோ, அறுந்த கம்பியே 'நில்' என்று கூறிவிடும். ஜெர்பில் முன்னதையே எதிர்பார்ப்பதால் அமைப்பில் ஓர் எண்ணை மாற்றல் வேண்டும்; சோம்பலால் அதை விடுவதை யாம் ஒப்போம். மென்பொருளே உறைந்துவிட்டால்? மோட்டாரின் மின்சாரத்தை நேரே துண்டிக்கும் வேறொரு சுவிட்சும் அப்பால் இருத்தல் வேண்டும்.