புரோபிலீன் கிளைகாலும் கறவைப் பசுக்களும்

கன்று ஈன்ற சில வாரங்களுக்குள், அதிகமாய்ப் பால் கறக்கும் பசுக்கள் சில, காய்ச்சல் ஏதுமின்றியே புண்ணாக்கையும் தவிட்டையும் தொட மறுத்து, வைக்கோலை மட்டும் கடித்துக்கொண்டு நாளுக்கு நாள் மெலிவதுண்டு. பால் குறையும்; மூச்சில் ஒருவிதத் தித்திப்பு வாடை வீசும். இதனை மிருக வைத்தியர்கள் கீடோசிஸ் என்பர். தீனியால் கிடைக்கும் சக்தி பாலுக்குப் போதாமல், பசு தன் உடற்கொழுப்பை மிதமிஞ்சிக் கரைத்துக்கொள்வதே இதன் காரணம். இந்நோய்க்கு வாய்வழியாய்க் கொடுக்கும் மருந்துகளில் முக்கியமானது, அச்சு மை செய்வோரும் வாசனைச் சரக்குகள் செய்வோரும் கரைப்பானாகக் கையாளும் புரோபிலீன் கிளைகால் என்பது பலருக்கு வியப்பாயிருக்கலாம்.

நிறமும் மணமும் அற்று, எண்ணெய் போலச் சற்றே தடித்து, நாக்கில் இலேசாக இனிக்கும் திரவம் இது. தண்ணீருடன் எந்த அளவிலும் கலக்கும். காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். 188 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கும். நீரில் எளிதிற் கரையாத மருந்துகள் பலவற்றைக் கரைக்க வல்லது. 1859-ம் வருஷத்தில் பிரெஞ்சு ரசாயன சாஸ்திரி வூர்ட்ஸ் என்பவர் இதனைச் செய்து காட்டினார். இக்காலத்தில், பெட்ரோலியத்திலிருந்து பெறும் புரோபிலீனைப் புரோபிலீன் ஆக்ஸைடாக மாற்றி, மிகுதியான தண்ணீருடன் உஷ்ணத்திலும் அழுத்தத்திலும் சேர்த்து, பின்பு வாலையில் வடித்துச் சுத்தி செய்கின்றனர். சென்னை மணலியிலும் இது உற்பத்தியாகிறது. கிளிசரினிலிருந்தும் செய்யலாம். பாலியெஸ்டர் பிசினுக்கே இது பெருமளவில் செலவாகிறது.

பசுவின் வயிற்றிற் சென்ற இத்திரவத்தின் பெரும்பகுதி ஈரலில் சர்க்கரையாக மாறி, கொழுப்புக் கரைவதைத் தணிக்கிறது. வழக்கமான அளவு நாளொன்றுக்கு ஒரு வேளை 250 முதல் 300 மில்லி லிட்டர். 3 முதல் 5 நாட்கள். வைத்தியர் சொன்னதற்கு மேல் ஊற்றினால் குணம் விரைந்து வராது. பசு மயங்கித் தள்ளாடும். புகட்டும்போது தலையை அதிகம் தூக்கிப் பிடித்தால் மருந்து நுரையீரலுக்குள் இறங்கிவிடும். படுத்துவிட்ட மாட்டுக்கு வாயில் எதையும் ஊற்றலாகாது. குதிரைக்கும் பூனைக்கும் இம்மருந்து ஒவ்வாது.

யாவற்றிலும் பெரிய ஆபத்துப் பெயரில் இருக்கிறது. மோட்டார் ரேடியேட்டர்களில் ஊற்றும் எத்திலீன் கிளைகாலும் இதே தோற்றமும் இனிப்பும் உடையது. ஆனால் அது கொடிய விஷம். உடம்பில் ஆக்ஸாலிக் அமிலமாக மாறி மூத்திரக்காய்களை அடைத்துவிடும். டைஎத்திலீன் கிளைகாலும் அத்தகையதே. 1937-ல் அமெரிக்காவில் ஒரு மருந்தை அதிற் கரைத்து விற்றதால் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆகையால் "கிளைகால்" என்று மட்டும் எழுதிய டப்பாவையோ, சாயக்கடையிற் சில்லறையாய் அளந்து தரும் சரக்கையோ தொழுவத்திற்குள் கொண்டுவருதல் தகாது. மருந்துத் தரம் என்று அச்சிட்டு முத்திரை உடையாத புட்டியையே வாங்கவேண்டும். டிராக்டர் ரேடியேட்டரிலிருந்து இறக்கும் பச்சை நீரையும், இனிப்புக்காக நாயும் கன்றும் நக்கிவிடாதபடி, மூடியுள்ள பாத்திரத்தில் பிடித்து வைத்தல் அவசியம்.