மின்வண்டியும் பின்னிணை வண்டியும்

புதியதொரு பொறி உலகிற்கு வரும்போது அதன் நிறைகுறைகளை மக்கள் அப்பொறியினிடத்திலேயே தேடுவர். எவ்வளவு விரைவாக ஓடும், எவ்வளவு சுமக்கும், என்ன விலை பெறும் என்பனவே அவர் எழுப்பும் வினாக்கள். ஆயின் எப்பொறியும் தனித்து இயங்குவதில்லை. அது செல்லும் வழியும், நிற்கும் இடமும், ஆற்றல் பெறும் முறையும் அதனோடு பொருந்தியபோதே பயன் விளையும். மின்னால் ஓடும் மோட்டார்வண்டி, மற்றொரு வண்டியைப் பின்னே பூட்டி இழுத்துச் செல்லுங்கால் நேரும் மின்னேற்றச் சிக்கல் இவ்வுண்மைக்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விடுமுறைக்காலத்திற் குடும்பத்தினர் உறங்கும் அறையும் அடுப்பும் அமைந்த சிறு வீடொன்றைச் சக்கரங்களில் ஏற்றித் தம் வண்டியின் பின்னே இழுத்துச் செல்வர். படகு கொண்டு செல்வோரும், குதிரை கொண்டு செல்வோரும், தொழிற்கருவிகளைக் கொண்டு செல்வோரும் பலர். திரெயிலர் என வழங்கும் இவற்றை இக்கட்டுரையிற் பின்னிணை வண்டி எனக் குறிப்போம்.

மின்வண்டிக்கு இழுக்கும் வலிமை போதாதோ எனச் சிலர் ஐயுறலாம். அஃது உண்மையன்று. மின்மோட்டார் நிற்கும் நிலையிலிருந்தே பெருந்திருப்புவிசையைத் தரவல்லது. 2021இல் வெளிவந்த ரிவியன் ஆர்1ரீ என்னும் வண்டி 11,000 இறாத்தல், அதாவது ஏறக்குறைய 5,000 கிலோகிராம் இழுக்கும் என அதனை ஆக்கியோர் வரையறுத்தனர். 2022இல் வந்த போர்ட் எப்-150 லைட்னிங் வண்டியும், அதற்குரிய துணையுறுப்புகள் பொருத்தப்பட்டவிடத்து, 10,000 இறாத்தல் இழுக்கத் தக்கதாயிருந்தது. எனவே குறை வலிமையிலன்று. உடன்கொண்டு செல்லும் ஆற்றலின் அளவிலேயே உள்ளது.

ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறக்குறைய 9 கிலோவாற்று-மணி வெப்ப ஆற்றல் வெளிப்படும். ஆகவே 100 கிலோவாற்று-மணி கொள்ளும் பெரிய மின்கலவடுக்கொன்று தாங்கும் ஆற்றல், பதினொரு லீற்றர் பெற்றோலின் வெப்பத்திற்கே ஈடாகும். பெற்றோல் எந்திரம் தான் பெறும் வெப்பத்திற் பெரும்பகுதியை வீணாக்குகின்றது. மின்மோட்டாரோ தான் பெறுவதிற் பெரும்பகுதியை இயக்கமாக்குகின்றது. இச்சிக்கனத்தினாலேயே சிறிதளவு ஆற்றலைக்கொண்டு மின்வண்டி நெடுந்தூரம் செல்ல முடிகின்றது. ஆயின் சிறிய இருப்பை உடையவனுக்குச் செலவு இருமடங்காகும்போது என்ன நேருமோ, அதுவே இழுக்கும் மின்வண்டிக்கும் நேர்கின்றது.

இதனை ஒரு கணக்கினால் விளக்குவோம். எண்கள் விளக்கத்தின்பொருட்டுக் கொண்டவை. மூவாயிரம் கிலோகிராம் நிறையுள்ள மின்வண்டியொன்று மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்திற் சமதரையிற் செல்கின்றது எனக் கொள்வோம். அதனை எதிர்க்கும் வளித்தடை ஏறக்குறைய 550 நியூற்றன், சக்கரங்கள் உருளுவதால் எழும் தடை 300 நியூற்றன், ஆகமொத்தம் 850. இவ்விசையை ஒரு கிலோமீற்றர் தூரம் வெல்லுதற்கு 0.24 கிலோவாற்று-மணி வேண்டும். எனவே 100 கிலோவாற்று-மணி ஆற்றல் 420 கிலோமீற்றர் அளவிற்குப் போதும். இனி, 2,500 கிலோகிராம் நிறையுள்ள உயர்ந்த பின்னிணை வண்டியொன்றைப் பூட்டுவோம். உருளற்றடை 540 நியூற்றனாகும். வளித்தடையோ 1,390 நியூற்றனாக உயரும். மொத்தம் 1,930. அதே ஆற்றல் இப்போது 187 கிலோமீற்றருக்கே போதும்.

இக்கணக்கில் மாணவர் உற்றுநோக்கவேண்டியது ஒன்றுண்டு. நிறை கூடியதாற் பெருகிய தடை 240 நியூற்றன் மாத்திரமே. வளியைப் பிளந்து செல்வதாற் பெருகியதோ 840. பாரம் அன்று, பருமனும் வடிவுமே பெரும்பகை என்பது இதனாற் புலனாகும். வளித்தடை வேகத்தின் வர்க்கத்திற்கு விகிதசமமானது. எதிர்காற்றில் ஈருருளி மிதித்தவர் எவரும் இதனை உடலால் அறிவர். ஆதலின் வேகத்தை 80 கிலோமீற்றராகக் குறைப்பின், அதே வண்டி 250 கிலோமீற்றர் செல்லும். மலைவழியிலோ நிறையும் தன் பங்கைக் கேட்கும். மொத்தம் 5,500 கிலோகிராமை ஆயிரம் மீற்றர் உயர்த்துதற்கு 15 கிலோவாற்று-மணி வேண்டும். இறங்கும்போது மோட்டாரே மின்னாக்கியாகி அதில் ஒரு பகுதியை மீட்டுத்தரும். எனினும் மலையுச்சியில் மின்கலவடுக்கு நிறைந்திருப்பின் மீட்ட மின்னைக் கொள்ள இடமிராது.

வேறொரு தடையும் உண்டு. மின்கலவடுக்கு ஏறத்தாழ எண்பது சதவீதம் நிறைந்தபின் மின்னேற்றம் மிக மந்தமாகும். பயணிகள் பத்துச் சதவீதம் எஞ்சும்வரை ஓடி, எண்பது சதவீதம்வரை ஏற்றிக்கொண்டு புறப்படுவதே வழக்கம். நிறைந்த மின்கலவடுக்கோடு தொடங்கும் 600 கிலோமீற்றர்ப் பயணத்தில், நாம் கொண்ட கணக்கின்படி, தனிவண்டி ஒருமுறை தரித்தாற் போதும். பின்னிணை வண்டி பூட்டியதோ நான்குமுறை தரிக்கவேண்டும். யாருக்கு மின்னேற்றுநிலையம் மிகுதியும் தேவையோ, அவரையே அந்நிலையத்தின் அமைப்பு இடர்ப்படுத்துகின்றது என்பதே இங்குக் கருதற்பாலது.

பெற்றோல் நிலையத்தில் ஒருபுறம் நுழைந்து, குழாயருகே நின்று, மறுபுறம் வெளியேறுகின்றோம். பின்னே பெட்டி இருப்பினும் தடையில்லை. ஐந்து நிமிடத்தில் அலுவல் முடியும். மின்னேற்றலுக்கோ அரைமணியும் அதற்கு மேலும் செல்லும். ஆதலின் அதனை அமைத்தோர் பெற்றோல் நிலையத்தை மாதிரியாகக் கொள்ளாது, கடைகளின் முன்னுள்ள வண்டி நிறுத்துமிடத்தை மாதிரியாகக் கொண்டனர். தெஸ்லா நிறுவனம் 2012இற் கலிபோர்ணியாவிற் பரப்பத் தொடங்கிய விரைவு மின்னேற்றுநிலையங்களும் பெரும்பாலும் அவ்வாறே அமைந்தன. அந்நிறுவனத்தின் வண்டிகளில் மின்னேற்றுவாய் பின்புறத்து இடப்பக்கத்தில் உண்டு, கம்பிவடமும் குறுகியது. வண்டியைப் பின்னோக்கிச் செலுத்தி நிறுத்தினாலன்றி வடம் எட்டாது. பின்னே வண்டி பூட்டியவன் அவ்வாறு செய்வதெங்ஙனம்? ரிவியன், லைட்னிங் போன்றவற்றில் வாய் முன்புறத்து இடப்பக்கத்தில் உள்ளமையால் முன்னோக்கி நுழையலாம்; எனினும் பின்னிணை வண்டி நீண்டு ஏனையோர் வழியை மறிக்கும்.

எனவே அவனுக்கு எஞ்சும் வழிகள் இரண்டே. குறுக்காக நிறுத்தி மூன்று நான்கு பேருக்குரிய இடத்தைத் தானே கொள்ளல் ஒன்று. சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முட்டுக்கொடுத்து, காப்புச்சங்கிலியையும் விளக்குக்கம்பியையும் கழற்றிப் பின்னிணை வண்டியை எங்கேனும் ஓரிடத்தில் விட்டு, ஏற்றியபின் மீண்டும் அனைத்தையும் பூட்டுதல் மற்றொன்று. மழையிலும் இருளிலும் நான்குமுறை இதனைச் செய்யும் ஒருவரின் நிலையை எண்ணுக. களைத்த கையாற் பூட்டிய பூட்டுச் சரியாக அமையாதுவிடின் நெடுஞ்சாலையில் உயிருக்கே இடையூறாகும். உள்ளே நிற்பது குதிரையாயின், அதனைத் தனியே விட்டுச் செல்லுதலும் தகாது. முதல்வழி பிறர்க்குத் தீங்கு. இரண்டாம்வழி தனக்குத் தீங்கு. நன்மக்களையும் பிறர்க்கு இடர் செய்வோராக்கும் அமைப்பு நல்லமைப்பன்று.

தீர்வு அரிதன்று. நுழைந்து நேரே வெளியேறத்தக்க இடங்கள் சில நிலையங்களில் அமைந்துள்ளன. 2023இல் நெதர்லாந்தின் ஹார்டர்வைக் நகரில் முதலில் திறக்கப்பட்ட தெஸ்லாவின் நான்காந்தலைமுறைக் கருவிகள் முந்தியவற்றினும் நீண்ட வடமுடையவை. பின்னிணை வண்டிக்கே மின்கலவடுக்கும் மோட்டாரும் பொருத்தி, அதன் சுமையை அதுவே தாங்கச் செய்வாரும் உளர். டெத்லெவ்ஸ் என்னும் செர்மானிய நிறுவனத்தின் அத்தகைய வண்டியொன்று 2021இல் மின்வண்டியொன்றோடு பூட்டப்பட்டு, செர்மனியின் ஈஸ்னியிலிருந்து அல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலியின் கார்டா ஏரிவரை, ஏறக்குறைய 390 கிலோமீற்றர், இடையில் மின்னேற்றாமலே சென்றது. எனினும் இத்தகைய வண்டி விலையுயர்ந்தது. நேரே கடந்து செல்லும் ஓரிடத்தை ஒவ்வொரு நிலையத்திலும் ஒதுக்குதல் எளியது; வேண்டுவது சிறிது நிலமும், முன்னரே எண்ணிப் பார்த்தலும்.

மின்கலமும் மோட்டாரும் அமைப்பதற்கு ஆழ்ந்த விஞ்ஞானம் வேண்டியிருந்தது. நிறுத்துமிடத்திற் கோடு கீறுவதற்கு அத்துணை விஞ்ஞானம் வேண்டியதில்லை. எனினும் பயணி இடர்ப்படுவது பின்னதனாலேயே. பெரியதைச் செய்தோர் சிறியதை எண்ணாது விட்டனர். தனிவண்டியோடு வருவோனை மாத்திரம் மனத்திற்கொண்டு, வேறு தேவையோடு வருவோனை மறந்தனர். நாளை பொறியியலாளராகவும் நிருவாகிகளாகவும் விளங்கப்போகும் நம் மாணவர், எதனை அமைக்கப் புகினும், அதனைப் பயன்படுத்த வருவோர் யாவர், அவர் பின்னே என்ன கொண்டுவருவர் என முதற்கண் வினவுவாராக.