விருந்தோம்ப மறுத்த பெண்கள்

1893இல் விவேகானந்தர் முழங்கிய அதே சிகாகோ சமய மாநாட்டில், யூதப் பெண்களுக்கு அவர்கள் சமூகத்து ஆண்கள் ஒதுக்க நினைத்தது விருந்தினரை வரவேற்கும் வேலையைத்தான். பேச மேடை இல்லை என்றதும் ஹன்னா சாலமனும் தோழியரும் விலகித் தனி மாநாடு கூட்டினார்கள்; யூதப் பெண்கள் தேசிய மன்றம் அங்கேதான் பிறந்தது. தொண்டு என்ற பெயரில் அவர்கள் பெற்றது பொதுவாழ்வில் ஓர் அதிகாரம். இந்த வழி புதிதும் அல்ல; பிலடெல்பியாவில் ரெபேக்கா கிராட்ஸும் தோழியரும் 1819லேயே பெண்களே நிர்வகிக்கும் உதவிச் சங்கம் கண்டிருந்தார்கள்.

இதெல்லாம் வசதி படைத்த சீமாட்டிகளின் பொழுதுபோக்கு என்பாரும் உண்டு. ஏழை அகதிகளைத் திருத்த வந்த மேட்டிமை அவர்களிடம் இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் குடியேறிகள் வந்திறங்கும் நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் தன்னந்தனியாக வந்திறங்கிய இளம்பெண்களை, அவர்களின் இத்திஷ் மொழி பேசும் பணியாளர்களை வைத்து, பாலியல் தொழில் தரகர் வலையில் சிக்காமல் அந்த மன்றம் காக்க முனைந்தது பொழுதுபோக்கா? ஹென்ரியட்டா சோல்ட் 1912இல் தொடங்கிய ஹதாசா என்ற யூதப் பெண்கள் அமைப்பு, மறு ஆண்டே ஜெருசலேமுக்கு இரண்டு செவிலியரை அனுப்பியது. இன்று அந்நகரில் அதே பெயரில் பெரிய மருத்துவமனையே இயங்குகிறது.