நம்ம ஊர் முடிவுல டெல்லி பேசலாமா?

ஒரு மாநிலம் தன்பாலீர்ப்பாளர்களோட உரிமை பற்றி முடிவெடுக்கப் போகுதுன்னு வெச்சுக்கோங்க. அப்போ பிரதமரோ, தேசியக் கட்சித் தலைவரோ கருத்து சொல்லலாமா? "அது மாநில விஷயம், தலையிடக் கூடாது" என்பது ஒரு பக்கம். "நாட்டுக்கே தலைவர்னா பேசித்தான் ஆகணும்" என்பது இன்னொரு பக்கம். நீங்க எந்தப் பக்கம்? பதில் சொல்றதுக்கு முன்னாடி, வெளியில என்ன நடந்ததுன்னு பார்ப்போம்.

அமெரிக்காவில் வட கரோலினா மக்கள் 2012 மே 8 அன்று ஓட்டுப் போட்டு, திருமணம் என்றால் ஆணுக்கும் பெண்ணுக்கும் மட்டும்தான் என்று மாநில அரசியல் சட்டத்தில் எழுதிவிட்டார்கள். அந்தத் திருத்தத்தை எதிர்ப்பதாக ஒபாமாவின் பிரச்சாரக் குழு முன்னாடியே சொல்லியிருந்தது. ஆனா தன்பாலினத் திருமணத்தை ஆதரிக்கிறேன்னு ஒபாமா வாயைத் திறந்து சொன்னது மே 9. ஓட்டு முடிஞ்ச மறுநாள்!

ஆஸ்திரேலியாவில் 2017-ல் தபால் மூலம் மக்கள் கருத்தைக் கேட்டார்கள். பிரதமர் டர்ன்புல் 'ஆம்' பக்கம். முன்னாள் பிரதமர் டோனி அபாட் 'இல்லை' பக்கம். 61.6% பேர் 'ஆம்' என்றார்கள். அபாட்டின் சொந்தத் தொகுதியிலேயே 75% 'ஆம்'. தலைவர் பேசினா மக்கள் அப்படியே தலையாட்டிடுவாங்கன்னு பயப்படுறவங்க இதைக் கவனிக்கணும்.

சரி, நம்ம நாட்டுக்கு வருவோம். இங்கே இதுக்கெல்லாம் மக்கள் வாக்கெடுப்பு கிடையாது. திருமணம், விவாகரத்து, தத்தெடுப்பு எல்லாம் அரசியல் சட்டத்தின் பொதுப் பட்டியலில் 5-வது இனம். மத்திய அரசும் சட்டம் போடலாம், மாநிலமும் போடலாம். அதனால "எனக்கு சம்பந்தமில்லை"ன்னு ரெண்டு பேருமே கை கழுவ முடியாது.

ஆனா நடந்தது என்ன? 2015 டிசம்பரில் 377-வது பிரிவைத் திருத்த சசி தரூர் தனிநபர் மசோதா கொண்டு வந்தார். அறிமுகம் செய்யவே அனுமதி கிடைக்கல. எதிர்ப்பு 71, ஆதரவு 24. மக்களவையில் மொத்தம் 543 தொகுதி. மீதிப் பேர் எங்கேன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. கடைசியில் 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம்தான் அதை முடிச்சு வெச்சுது. அந்த வழக்கிலும் மத்திய அரசு, முடிவை நீதிமன்றத்திடமே விட்டுவிட்டது.

2023-ல் திருமண உரிமை வழக்கு வந்தப்போ மத்திய அரசு கடுமையா எதிர்த்தது. ஏப்ரல் 18 அன்று மாநிலங்களுக்குக் கடிதம் எழுதிக் கருத்தும் கேட்டது. ஏழு மாநிலங்கள் பதில் சொன்னதா நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. ராஜஸ்தான், ஆந்திரா, அசாம் எதிர்ப்பு. சிக்கிம், மகாராஷ்டிரா, உத்தரப் பிரதேசம், மணிப்பூர் கூடுதல் டைம் கேட்டன. அக்டோபர் 17-ல் வந்த தீர்ப்பு, இதைச் சட்டமன்றங்களும் நாடாளுமன்றமும்தான் முடிவு செய்யணும்னு சொல்லிடுச்சு. பந்து சுத்திச் சுத்தி மறுபடியும் அரசியல்வாதிங்க கையில!

இதுல பாகூர், வில்லியனூர்க்காரங்களுக்கு என்ன வந்துச்சுன்னு கேக்குறீங்களா? நாம யூனியன் பிரதேசம். எந்த விஷயத்திலும் நாடாளுமன்றம் நமக்குச் சட்டம் போடலாம். அங்கே நமக்கு மக்களவையில் ஒரு எம்.பி., மாநிலங்களவையில் ஒரு எம்.பி. உள்ளூரிலாவது பேசலாம்னா, கொம்யூன் பஞ்சாயத்துகளுக்குக் கடைசியாத் தேர்தல் நடந்தது 2006-ல். டெல்லி பேசாம இருந்தா அந்த இடத்துல நம்ம குரல் தானா வந்து உட்காராது. யாருமே பேசலைன்னுதான் அர்த்தம்.

இன்னொரு விஷயம். 377 என்பது 1860-ல் பிரிட்டிஷ்காரன் எழுதினது. பிரான்ஸ் இந்தக் குற்றத்தைத் தன் சட்டத்திலிருந்து 1791-லேயே எடுத்துடுச்சு. பிரெஞ்சு ஆட்சி போன பிறகு இந்திய தண்டனைச் சட்டத்தோட சேர்ந்து 377 நம்ம ஊருக்கு வந்தது. கொம்யூன்களைக் கேட்டா கொண்டு வந்தாங்க? இன்னைக்கும் புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவருக்கு அவர் நாட்டுச் சட்டம் 2013 முதல் தன்பாலினத் திருமணத்தை அனுமதிக்குது. பக்கத்து வீட்டுக்காரருக்கு அது கிடையாது.

என் கருத்து இதுதான்: பேசுறது வேற, கையை முறுக்குறது வேற. நிதியை நிறுத்துவேன், ஆட்சியைக் கலைப்பேன்னு மிரட்டினா அது தலையீடு. "நான் இப்படி நினைக்கிறேன், காரணம் இது"ன்னு ஓட்டுக்கு முன்னாடியே சொல்றது கடமை. அது நமக்குப் பிடிக்காத கருத்தா இருந்தாலும் சரி. அப்போதான் அவரைக் கேள்வி கேட்க முடியும். சின்ன எண்ணிக்கையில இருக்கிறவங்களோட உரிமையைத் தலை எண்ணி முடிவு பண்ணும்போது, பெரிய பதவியில இருக்கிறவங்க மௌனமும் ஒரு ஓட்டுதான். அது எப்பவும் பெரும்பான்மை பக்கமே விழும்.

மேலிருந்து ஒரு வார்த்தை வந்தா கவுன்டர்ல என்ன மாறும்னும் பாருங்க. 2024-ல் மத்திய உணவுத் துறை, சேர்ந்து வாழும் தன்பாலினத் துணைவர்களை ரேஷன் கார்டுக்கு ஒரே குடும்பமா எடுத்துக்கச் சொல்லி மாநிலங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் எழுதியது. கூட்டு வங்கிக் கணக்குக்குத் தடை இல்லைன்னு நிதித் துறையும் தெளிவுபடுத்தியது. திருமண உரிமை இன்னும் வரல. ஆனா பாகூர்ல சேர்ந்து வாழுற ரெண்டு பேருக்கு அரிசியும் பாஸ்புக்கும் சின்ன விஷயமா?

நம்மில் நிறையப் பேர் முதல் ஓட்டு போடப் போறோம். வேட்பாளர் தெருவுக்கு வரும்போது தண்ணி, ரோடு பத்திக் கேளுங்க. கூடவே இதையும் கேளுங்க: "இந்த விஷயத்துல உங்க கட்சித் தலைவர் என்ன சொல்றார்?" தெரியாதுன்னு சொன்னா, கேட்டுட்டு வரச் சொல்லுங்க.