கோல் போடாத வீரர்

உதைபந்தாட்டத்தில் கோல் போட்டவரின் பெயரைத்தான் எல்லோரும் கத்துகிறோம். அந்தப் பந்தை எதிரணியிடமிருந்து பறித்துக் கொடுத்தவரை எத்தனை பேர் நினைக்கிறோம்?

2003இல் ரியல் மட்ரிட் ஸ்பானிய லீக்கை வென்றது. அதே கோடையில் டேவிட் பெக்கமை வாங்கியது. கூடுதல் சம்பளம் கேட்ட குளோட் மக்கலேலேயைச் செல்சிக்கு விட்டுவிட்டது. பின்களத்துக்கு முன்னால் நின்று எதிரணியின் தாக்குதலை உடைப்பதுதான் மக்கலேலேயின் வேலை.

அடுத்த மூன்று பருவங்களிலும் மட்ரிட் லீக்கை வெல்லவில்லை. செல்சியோ 2004-05இல் 38 ஆட்டங்களில் 15 கோல்கள் மட்டுமே வாங்கிச் சம்பியனானது. மறு ஆண்டும் வென்றது. அவர் ஒருவரே காரணம் என்று சொல்லமாட்டோம். ஆனால் நட்சத்திரங்களை அடுக்கிவிட்டால் அணி ஆகிவிடாது.

தம்பி தங்கைமாரே, அடுத்த ஆட்டத்தில் கோல் விழுந்ததும், அந்தப் பந்தை முதலில் பறித்தவர் யார் என்று பாருங்கள். அவருக்கும் கைதட்டுவோம்.